பதினோரு காசு

பெட்டியைத் தூக்கியதுமே சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருக்க வேண்டிய தங்கக் காசின் எடை எட்டு கிராமும் கொஞ்சமும். வேறு யார் தூக்கியிருந்தாலும் அந்த எட்டு கிராம் குறைந்தது கைக்குத் தட்டுப்பட்டிருக்காது. இது ஆறு வருடமாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே பெட்டிகளை எடுத்து, பார்த்து, திருப்பி வைத்துப் பழகிய கை. அடுத்த பெட்டியைத் தூக்கினாள். அதற்கடுத்ததை. பதினொன்றையும் தூக்கிப் பார்த்துக் கட்டிலில் வரிசையாக வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கருநீல வெல்வெட்டில் வட்டமான பள்ளம் மட்டும் இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் சான்றிதழ்கள் ஒரு மூலைகூட மடங்காமல் அந்தந்த மூடிக்குள் அப்படியே இருந்தன.

கதவோ ஜன்னலோ உடைந்திருக்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அவளுடைய கல்யாண நெக்லஸும் வளையல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. எந்தத் திருடனும் வளையலை விட்டுவிட்டுப் போக மாட்டான். அவள் கணவர் சேனாபதி ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. பெருந்துறைக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை நாகலக்ஷ்மியின் மகள் பூங்கொடிக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். தாய்மாமன் சீர் செய்ய அவர் போயே ஆக வேண்டும். சாந்தாமணிக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை, மகள் தென்றலுக்கும் ஸ்கூல் இருந்தது. புறப்படுகிற அன்று காலையில் அவர் அலமாரியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்ததும், "பாஸ்போர்ட்டத் தேடறேன்" என்று சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தன. பாஸ்போர்ட் எப்போதும் சமையலறை டிராயரில்தான் இருக்கும்.

"அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டபடி தென்றல் வாசலில் வந்து நின்றாள். பன்னிரண்டு வயது. கட்டில் முழுக்கத் திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். அம்மாவின் காசுகளை அவள் கிட்டத்தில் போய்ப் பார்க்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் பார்ப்பாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. தூசி தட்டறேன்" என்றாள் சாந்தாமணி.

அவர்கள் கலிஃபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்தது 1989-இல். சேனாபதிக்குச் சிப் கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் கழித்து, க்ரீன் கார்டு கைக்கு வந்த மாதமே, சாந்தாமணி ஒரு ஹார்ட் டிஸ்க் கம்பெனியில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தாள். தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். வளையல், தோடு, மோதிரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பின் அடியில் வட்டத் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோடு, புள்ளி, தூசு எது இருந்தாலும் தள்ளிவைக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று ஊரில் சொல்வார்களே, அதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. அவளுக்கு அது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. மற்றவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துச் சொல்வதை அவள் ஒரே பார்வையில் சொன்னாள்.

அந்த வருடம்தான் முன்பு அதே வீட்டில் குடியிருந்த யாரோ ஒருவரின் பெயருக்கு வாஷிங்டனிலிருந்து ஒரு விளம்பரத் தாள் வந்தது. அரசாங்க நாணயச் சாலை ஐந்து டாலர் தங்கக் காசு வெளியிடுகிறது என்று போட்டிருந்தது. படத்தில், மலையில் செதுக்கிய நான்கு தலைகளுக்கு மேலே ஒரு கழுகு, கால்களில் உளியும் சுத்தியலும் பிடித்துப் பறந்து வந்தது. அதை அவள் குப்பையில் போடாமல் மூன்று நாள் வைத்திருந்தாள். பிறகு ஃபாரத்தில் பழைய பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதி, தன் கையால் செக் எழுதி அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று கேட்டால் அவளால் அப்போதும் சொல்லியிருக்க முடியாது, பிறகும் முடியாது. கல்யாணத்துக்கு அவளுக்குப் போட்டது முப்பத்தைந்து பவுன். நிச்சயத்தன்று தட்டில் வைத்து எடை சொல்லி, இரண்டு ஊர்க்காரர்கள் முன்னால் போட்டார்கள். அதற்குப் பிறகு மாமியார் மூன்று தடவை அதை அழித்து வேறு வேறாகச் செய்யச் சொன்னார். ஒரு தடவையும் எந்த டிசைன் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. இந்தக் காசு ஆறு வாரம் கழித்துத் தபாலில் வந்தபோது மேலே 'மிஸஸ் சாந்தாமணி' என்று அச்சடித்திருந்தது.

காசு இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று கண்ணாடி மாதிரி பளபளவென்று மின்னும். இன்னொன்று கொஞ்சம் மங்கலாக, பட்டுத் துணியின் உள்பக்கம் போல இருக்கும். அதற்கு 'அன்சர்குலேட்டட்' என்று பெயர். டிக்‌ஷனரியில் தேடி, யார் கைக்கும் போகாதது என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக் காசில் தன் மூக்கும் கண்ணும் தெரிவது அவளுக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் மங்கல் காசையே வாங்கினாள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. கால்பந்துக் கோப்பை, தீபம் தூக்கி ஓடும் ஓட்டக்காரர், குதிரைமேல் உட்கார்ந்து ஊதுகொம்பு ஊதும் சிப்பாய், பின்னால் பேஸ்பால் பந்து பொறித்த ஜாக்கி ராபின்சன். உருண்டை ப்ளாஸ்டிக் உறையை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜை விளக்கைப் போட்டு, உறையோடு திருப்பித் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். வாரமெல்லாம் எதையாவது தள்ளிவைத்துக்கொண்டே இருந்த கண்ணுக்கு அங்கே தள்ளிவைக்க எதுவும் கிடைக்காது.

ஒரே ஒரு தடவை கிடைத்தது. குதிரைச் சிப்பாயின் காசில், குதிரையின் கழுத்துக்குக் கீழே முடியைவிட மெல்லிய ஒரு கோடு. சாந்தாமணி ஃபேக்டரியில் எழுதுகிற மாதிரியே ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, இந்த இடத்தில் இவ்வளவு நீளத்தில் கீறல் என்று எழுதி நாணயச் சாலைக்குத் திருப்பி அனுப்பினாள். சேனாபதி சிரித்தார். "கவர்மெண்டுக்கே ரிஜெக்ட் ஸ்லிப் போடறயா?" என்றார். இரண்டு மாதத்தில் புதுக் காசு வந்தது. கூடவே, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தை அவள் அந்தப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். கடிதம் இப்போதும் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிவரை பொறுத்திருந்தாள். அங்கே திங்கட்கிழமை காலை எட்டரை. போன் கார்டில் எண்களை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் ஒரே சத்தம். பாத்திரம் உருளும் ஒலி, யாரோ யாரையோ பந்தல்காரனைப் பார்க்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணிங்களா! அண்ணி, நல்லாருக்கீங்களா?" நாகலக்ஷ்மிதான். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல போங்க. பதினோரு பவுனுல ஆரம்! நேத்துத்தான் ஆசாரி கொண்டாந்து குடுத்தாரு. ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. தாய்மாமன் செய்யறது பெருசில்ல, வந்தவ சேத்து வெச்சதக் கழட்டிக் குடுக்கறாளே, அந்த மனசு யாருக்கு வரும்னு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வந்தவியளே சொல்லிப்போட்டாங்க. உங்க பேருதான் அண்ணி இங்க எல்லார்த்து வாயிலயும்."

சாந்தாமணி ரிசீவரை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை மத்தியானத்திலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் இப்போது உதவாது.

"இருக்கட்டும் அம்முணி" என்றாள். "அவரு இருக்காருங்களா?"

சேனாபதி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானே கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன் சாந்தா."

"பெட்டியெல்லாம் காலியா இருக்குதுங்க."

"ஆமா. பெட்டி வெயிட்டு. அதனாலதான் விட்டுட்டு வந்தேன்." பின்னால் யாருக்கோ, இதோ வர்றேன் என்றார். "வந்து பேசிக்கலாம், என்ன? இந்தா, பொண்ணு பேசோணுங்கறா."

பூங்கொடியின் குரல் சின்னதாக வந்தது. "அத்தை, நீங்க வரலீங்களா?" என்று மட்டும் கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றும், நன்றாக இரு என்றும் சொல்லிச் சாந்தாமணி போனை வைத்தாள். கார்டில் இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

பத்து நாள் கழித்துச் சேனாபதி வந்தார். சூட்கேஸில் முறுக்கு, அதிரசம், கல்யாண ஆல்பத்துக்கு முன்னோட்டமாக நாலைந்து படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஈரோட்டுக் கடையின் ரோஸ் நிறத் தாளில் சுற்றிய இரண்டு வளையல். அவற்றை அவர் சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தார்.

"மிச்சத்த அடுத்த தடவ போறப்ப வாங்கிக்கலாம். இல்ல, இங்கயே அதே காச வாங்கிக்க. நான் வேண்டாங்கல."

"சொல்லியிருக்கலாமுங்க."

"கேட்டா நீ குடுத்திருப்பே. எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல."

அவர் பொய் சொல்லவில்லை என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். வீட்டில் தங்கம் சும்மா கிடக்கிறது, தங்கை வீட்டில் தேவை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கடையில் போய்ப் புதிதாக வாங்குவதுதான் அவர் கணக்கில் ஊதாரித்தனம். அவர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அவளைக் கைநீட்டி அடித்தது கிடையாது. அவளை வேலைக்கு அனுப்பியதற்காக ஊரில் பேச்சு வாங்கியவர். இதெல்லாம் அவளுக்கு அந்த மேஜையில் உட்கார்ந்தபடியே வரிசையாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே தவிர, எதுவும் ஆறவில்லை.

"தட்ஸ் கால்ட் ஸ்டீலிங், அப்பா" என்றாள் தென்றல்.

அவள் அங்கே இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள். சேனாபதியின் முகம் கறுத்தது. கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்பாகிட்ட அப்படிப் பேசறதா? உள்ள போ" என்று சாந்தாமணிதான் அதட்டினாள். தென்றல் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையைச் சாந்தாமணி பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். வளையல்களை அன்றே கீழ்த்தட்டில் வைத்தாள். நல்ல வேலைப்பாடு, ஒரு வளையலின் பூட்டில் மட்டும் பற்றவைப்புச் சரியாக இல்லை.

1998 ஏப்ரலில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து நேராக ஒரு பேங்குக்குப் போய் லாக்கர் கேட்டாள். ஃபாரம் நிரப்பிய பையன், "ஜாயிண்டா?" என்று கேட்டான். "நோ. மீ ஒன்லி" என்றாள். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பையன் ஒன்றும் நினைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். சாவியை ஃபேக்டரியில் அவளுடைய அலமாரியில், வேலைக்குப் போடுகிற ஷூவுக்குள் வைத்தாள்.

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். தபால் இப்போது ஃபேக்டரி முகவரிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேங்க் கிடையாது என்பதால் சனிக்கிழமை ஆயிற்று. ஜன்னலில்லாத சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தாழ்ப்பாள். காசு என்னவோ முன்பு மாதிரியேதான் இருந்தது. முன்பெல்லாம் அவள் காசு பார்க்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், தென்றல் வந்து தோளில் தாடையை வைத்துக்கொள்வாள், சேனாபதி ஹாலிலிருந்து காபி கேட்பார். இங்கே ஏர்கண்டிஷனர் சத்தம் மட்டும். திருடிக்கொண்டு வந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் போனாள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் எங்கே போகிறாள் என்று சேனாபதி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

அவருக்கும் ஒரு நாள் வந்தது. 2000-இல், ஆஃபீஸில் யாரோ கொண்டுவந்த நாணயப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்கி ராபின்சன் காசின் விலை கண்ணில் பட்டிருக்கிறது. அந்த மங்கல் காசு மிகக் குறைவாகவே விற்றதாம். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் விலை பல மடங்காகி, இன்னும் ஏறிக்கொண்டே இருந்ததாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியுமுங்க. போன வருஷமே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமில்ல? அது இவ்வளவு பெறும்னு?"

"அதுக்காக இல்லீங்க" என்றாள்.

சாப்பாட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பின்னே எதற்காக என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க, தானே பறிகொடுத்த ஒருவரைப் போல வீட்டில் நடமாடினார். அடுத்த மாதம் எங்கோ ஒரு நாணயக் கண்காட்சிக்குத் தனியாகப் போய், ஒரு காசு வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். "இது உங்கிட்ட இல்லைல்ல? எம்பத்தேழாம் வருஷத்துது." உறைக்குள் இருந்த அதன் ஓரத்தில் மஞ்சள் பூச்சு ஓரிடத்தில் மிக லேசாக விட்டிருந்தது. பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. முலாம். யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்குதுங்க" என்றாள் சாந்தாமணி. அந்தக் காசை மட்டும் லாக்கருக்குக் கொண்டுபோகாமல் வீட்டு அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள்.

அந்த வருடம் செப்டம்பரில் பூங்கொடி அமெரிக்காவுக்கு வந்தாள். அவள் புருஷன் இளமாறனுக்குக் கன்சல்டிங் கம்பெனி ஒன்றின் மூலமாக வேலை. ஃப்ரீமாண்டில் ஒரு அபார்ட்மெண்ட். இருபத்திரண்டு வயதுதான், அதற்குள் முப்பது வயதுக்காரியின் நிதானம் வந்திருந்தது. வேலை செய்ய விசா கிடையாது. கார் ஓட்டத் தெரியாது. பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தாள். முதல் தடவை விருந்துக்கு வந்தபோது சாந்தாமணியின் கண் அவள் கழுத்துக்குத்தான் போயிற்று. எத்தனை அடக்கியும் போயிற்று. தாலிக்கொடி மட்டும் இருந்தது. தெரியாத ஊருக்கு நகையைக் கொண்டுவர வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த ஆரத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று இரண்டு நாளாகவே அவள் பயந்துகொண்டிருந்தாள்.

2001 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லிவர்மோர் கோயிலில் பார்த்தபோது பூங்கொடி ஆரம் போட்டிருந்தாள். பட்டுப் புடவைமேல் நெஞ்சுவரை தொங்கியது. சன்னதியில் கூட்டம். தீபாராதனை வெளிச்சம் ஒரு தடவை அந்த ஆரத்தின்மேல் விழுந்து நகர்ந்தது. சாந்தாமணிக்கு அது போதும். கண்ணிகளின் ஓரத்தில், உரசுகிற இடங்களில், மஞ்சளுக்கு அடியில் வேறொரு நிறம் எட்டிப்பார்த்தது. கவரிங்.

ஆண்கள் இருவரும் சாப்பாட்டு வரிசையில் நின்ற யாரிடமோ வேலை நிலவரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். இளமாறனின் கம்பெனி அவனை ஐந்து வாரமாக வேலை எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தது. பூங்கொடியைத் தன் காரில் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுச் சாந்தாமணி கிளம்பினாள். மழைக்குப் பிறகு இரண்டு பக்கமும் குன்றுகள் பச்சைப் பசேலென்று இருந்தன. வழியில் சுனோல் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் சாந்தாமணி கேட்டாள்.

"ஆரம் எங்க பூங்கொடி?"

பூங்கொடி கழுத்தில் கையை வைத்து மூடிக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"தெரிஞ்சிருச்சுங்களா?"

"எனக்கு வேலையே அதுதான் கண்ணு."

"கல்யாணமாகி நாலாவது மாசமுங்க அத்தை. இவரு ஹைதராபாத்ல கோர்ஸ் படிக்கறதுக்கு, ஏஜெண்டுக்குக் கட்டறதுக்குன்னு வித்துட்டாங்க. நான் அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா பீரோ சாவி கட்டில் மேல கெடந்துது."

"உன்னக் கேட்டாங்களா?"

பூங்கொடி சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க. மாமாவுக்கும் தெரிய வேண்டாம். ஊருக்குப் போட்டோ அனுப்பறப்ப கழுத்து மொட்டையா இருந்தா கேப்பாங்கன்னுதான் இதப் போடறது."

சாந்தாமணி இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். மூன்று வருடமாக அந்த ஆரத்தை அவள் தினமும் எங்கோ ஒரு கழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு ஊர்ச் சீருக்கும் அது அங்கே மின்னிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அந்த மூன்று வருடமும் அது அங்கே இல்லவே இல்லை.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அது உங்க காசுன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆசாரி ஊட்டுக்கு நானும் போயிருந்தேன். மாமா டப்பியத் தொறந்து தட்டுல கொட்டினாரு. அத்தைகிட்டச் சொல்லிட்டுத்தான கொண்டாந்தீங்கன்னு கேட்டேன். அவரு பதில் சொல்லல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா நான் வேண்டாம்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லியிருக்கோணும். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. சாந்தாமணி தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்திருந்தாள்.

"கையில எடுத்துப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"காசையா? பாத்தனுங்க. உருக்கறதுக்கு முன்ன ஒருக்கா குடுங்கன்னு வாங்கி, அத்தனையும் கையில வெச்சிருந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

பூங்கொடிக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு உள்ளங்கையை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொதல்ல சில்லுனு இருந்துச்சுங்க. அப்பறம் கைச்சூட்டுக்கு அதுவும் வெதுவெதுன்னு ஆயிருச்சு. கனமா இருந்துச்சு. நான் நெனச்சதவிடக் கனம்."

சாந்தாமணி தலையாட்டினாள். ஃப்ரீமாண்ட் வந்ததும் அவளை இறக்கிவிட்டாள். 

ஏப்ரல் கடைசியில் இளமாறனின் கம்பெனி அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டு வாரத்தில் ஊர் திரும்புவதாக முடிவாயிற்று. அதற்கு முந்தைய சனிக்கிழமை, மளிகைக் கடைக்குப் போவதாகச் சொல்லிச் சாந்தாமணி பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனாள். காவலாளி சின்ன அறைக்கு இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். சாந்தாமணி லாக்கர் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த நான்கு காசுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"ஒண்ணு எடுத்துக்க."

பூங்கொடி பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாமுங்க அத்தை! உங்களுக்கு நான் பட்ட கடன் பத்தாதா?"

"எடு."

பூங்கொடி காசுகளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அவள் யோசிப்பது மரியாதைக்காக இல்லை என்பது தெரிந்தது.

"அங்க கொண்டுபோனா அது எம்படது இல்லீங்க அத்தை, அவங்களுதாயிரும்" என்றாள் கடைசியில். "எத்தன நாளைக்கு ஒளிச்சு வெக்க முடியும்? நான் ஒண்ணு எடுத்துக்கறேன். ஆனா அது இங்கயே இருக்கட்டும். எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"சரி. எது?"

அவள் சுட்டியது போன வருடம் வந்த பத்து டாலர் காசு. நடுவில் வெள்ளைப் பிளாட்டினம், சுற்றிலும் தங்க வளையம். ஒரு நூலகத்துக்காக வெளியிட்டது. கோபுர மாடத்தின்மேல் தீவட்டி பிடித்த ஒரு கை. சாந்தாமணி கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாள் எடுத்து, 'பூங்கொடி' என்று எழுதி, வெல்வெட் பெட்டியின் சான்றிதழுக்குப் பின்னால் செருகினாள். பிறகு உறையைக் கையிலெடுத்து, இரண்டு கட்டைவிரல் நகங்களையும் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். டப்பென்று திறந்துகொண்டது. ஒரு உறையை அவள் திறப்பது அதுதான் முதல் தடவை.

"நடுவுல தொடாதே. ஓரத்தப் புடிச்சுக்க. இப்படி, ரெண்டு விரல்ல."

பூங்கொடி இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து வாங்கினாள். விளக்கு வெளிச்சத்தில் முகத்துக்கு வெகு அருகே கொண்டுபோனாள். "இந்தக் கை பொம்பளைங்க கைதானுங்க அத்தை?" என்று கேட்டாள். கேட்ட மூச்சு காசின்மேல் பட்டு, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாக மங்கிப்போயின. மூச்சுப் படக் கூடாது என்று சொல்ல வந்த சாந்தாமணி, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கியது. முதலில் மஞ்சள் வளையம் தெளிந்தது. அப்புறம் தீவட்டியின் நுனி, விரல்கள், மணிக்கட்டு.